மூணாவது மெத்தை

— ஷூவைக் கழட்டு ராசா. இது மெத்தைக் கடை, உன் பஸ் டிப்போ இல்ல.

— கழட்டாமலே படுத்துப் பார்க்கலாம்னு அந்தக் கடைப் பொண்ணே சொன்னா. கால்மாட்டுல பிளாஸ்டிக் விரிச்சிருக்காங்க பாரு.

— சரி, எப்படி இருக்கு?

— மெத்துன்னு இருக்கு டெல்ஃபின். போன மெத்தை மாதிரி முதுகைக் குத்தல.

— போனதை வாங்கின அன்னிக்கும் இதையேதான் சொன்னே. அதுக்கு முந்தினதுக்கும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ரோஸ்கோவுக்குத் தூக்கம் வரலைன்னா மெத்தை கோணல்.

— கிண்டல் பண்ணு தாயே, நல்லாப் பண்ணு.

— கையை ஏன் ரெண்டு பக்கமும் விரிச்சு வெச்சிருக்கே?

— பழக்கம். கடைக்குள்ள கால் வெச்சா கை ரெண்டும் வெளிய தெரியணும், பாக்கெட் பக்கம் போனாத் திருடன்னுடுவாங்கன்னு சொல்லியே எங்கம்மா வளர்த்தா. உங்க வீட்டுல?

— எங்க வீட்டுலயும் அதேதான். அமெரிக்காவுல எந்தக் கருப்பர் வீட்டுலதான் சொல்லல? ஆனா நீ இப்பல்லாம் வீட்டுலயும் இப்படித்தான் படுக்கறே. எவ்வளவு குளிரானாலும் கை போர்வைக்கு மேலதான்.

— சார், மேடம், மன்னிக்கணும். விலை குறைஞ்சதெல்லாம் அந்தக் கோடியில இருக்கு. இது கொஞ்சம் ஜாஸ்தி.

— நாங்க விலையே கேக்கலையேம்மா.

— இல்ல மேடம், சும்மா சொன்னேன். நீங்க பாருங்க.

— போறா பாரு ரோஸ்கோ. மூஞ்சியைப் பார்த்தே பர்ஸை எடை போட்டுட்டா!

— விடு டெல்ஃபின். இது ஒரு பெரிய விஷயமா?

— உனக்கு எதுதான் பெரிய விஷயம்? சொந்த வீட்டுப் பூட்டு சிக்கிக்கிச்சேன்னு பின்கதவுக்குப் போனே. எதிர்வீட்டம்மா திருடன்னு போலீசைக் கூப்பிட்டா. உன் கார் மேலயே உன்னைக் கவுத்துப் போட்டாங்க. அப்பவும் 'விடு'ன்னுதான் சொன்னே.

— அடிச்சாங்களா? இல்லியே. எங்கப்பா பட்டதுல இது கால்வாசி வருமா? அவர் தூங்கலையா?

— யாரு சொன்னா தூங்கினாருன்னு? விடிய விடிய சமையக்கட்டுல உக்காந்து சிகரெட் பிடிப்பாருன்னு உங்கக்காதான் சொன்னா.

— அவ வாய் சும்மா இருக்காதே.

— கிளீவ்லாண்ட்ல ரயில் பாதை ஓரத்து வீட்டுல குறட்டை விட்டவன் நீ. இங்க ஈ காக்கா சத்தம் இல்ல. இங்க வந்து முழிக்கறே.

— அதான் பிரச்சினையே. அங்க சத்தம் கேட்டா அது ரயிலு. இங்க யாரோ கார்க் கதவைச் சாத்தினாக் கூட எனக்காகத்தான் வர்றாங்கன்னு நெஞ்சு அடிச்சுக்குது. எழுந்து ஜன்னல்கிட்ட போயிடறேன்.

— அப்பாடா, இப்பவாவது சொன்னியே. இதையே டாக்டர்கிட்ட சொல்லு ராசா. சர்ச்சுல சிஸ்டர் லவோன் ஒரு டாக்டரம்மாவைச் சொன்னா. நம்ம ஆளுதான். அவங்களுக்கு எதையும் அனா ஆவன்னாவுல இருந்து விளக்க வேண்டியதில்ல.

— திருடன் பேரு வாங்கியாச்சு, பைத்தியக்காரன் பேரும் வேணுமா? ஜெபம் பண்றேன், போதும்.

— பண்ணு, வேண்டாங்கல. வியாழக்கிழமை சிக்னல்ல பஸ்ஸை நிறுத்திட்டுக் கண் அசந்தியே, அப்ப பின்னாடி உக்காந்திருந்தவங்களும் ஜெபம்தான் பண்ணியிருப்பாங்க.

— உனக்கு எப்படித் தெரியும்?

— உன் பஸ்ஸுல ஏறுறவங்க பாதிப் பேரு நம்ம சர்ச்சு. வேலை போனா போகட்டும் ரோஸ்கோ, ஒரு உசிரு போனா என்ன பண்ணுவே? எனக்குப் பயமா இருக்குய்யா.

— போகாம பாத்துக்கறேன். இங்க பாரு, போறது என் தூக்கம் மட்டும்தானே? நீயும் கெண்ட்ராவும் நிம்மதியாத் தூங்கறீங்கல்ல? அதுக்காகத்தான் நான் முழிச்சிருக்கேன். சின்னப் புள்ள, அவளுக்கு இதெல்லாம் எதுவும் தெரிய வேணாம்.

— இன்னிக்குக் காலையில தலை பின்னும்போது என்னை ஒண்ணு கேட்டா.

— என்ன கேட்டா?

— 'அப்பாவுக்கு வயசாயிட்டா ராத்திரி காவல் இருக்கிற வேலை எனக்குத்தானேம்மா? எத்தனாவது படிக்கும்போது ஆரம்பிக்கணும்?'னு கேட்டா.