கயிறு பிடிப்பவனின் கட்டைவிரல்

“கட்டைவிரலை மடக்குனா மணிக்கட்டுக்குள்ள என்னமோ உரசுது மச்சான்.”

திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கேட்ட பேச்சு இது. சொன்னவன், சங்கு குளிக்கும் தோணியில் கயிறு பிடிப்பவன். பக்கத்தில், அந்தக் கயிற்றை நம்பிக் கடலில் இறங்கும் அவனுடைய அக்கா புருஷன்.

“எலும்பு முறிஞ்சப்ப வச்ச தகடா?”

“ஆமா. அதோட விளிம்பு, விரலை இழுக்குத நாரைத் தேய்க்குதாம். எலும்புதான் கூடியாச்சே, தகட்டை எடுத்துருங்காரு டாக்டர். விட்டா நார் அந்துருமாம். பொறவு விரல் மடங்காது, அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? ஏலே, அந்நேரம் நான் கடலடியில கிடந்தா? அக்கா தாலிய நினைச்சு கவனமா பிடிப்பான்னுதான மச்சினன் கையில கயித்தைக் குடுக்குது!”

என் கையில் தகடும் இல்லை, கயிறும் இல்லை. ஆனாலும் பயத்தில் கட்டைவிரலை மடக்கி மடக்கிப் பார்த்து, ஆத்தூர் வருமுன் எனக்கு அது நிஜமாகவே வலித்தது.

“நாளைக்கே ஆஸ்பத்திரில சேரு.”

“அப்பம் கயிறு?”

“எங்க அண்ணன் பிடிப்பான்.”

“அண்ணனா? ஒங்க ரெண்டு பேருக்கும் வீட்டை இன்னும் பங்கு பிரிக்கலையே மச்சான்!”



“சரிலே. ஒனக்குக் கை ஆறுத வரைக்கும் நானும் கரையிலயே கிடக்கேன்.”