சந்தியாகு முக்கு

வெள்ளக்காரன் கப்பல் தூத்துக்குடிக்கு வந்து போன காலத்துல, சிப்பிக்கரைன்னு ஒரு ஊரு. அந்த ஊருல, நம்ம வகையறாவுல, சந்தியாகுன்னு ஒருத்தரு இருந்தாராம். கோயில் பேண்டுல அவருக்குப் பேஸ் கிளாரினெட். நெஞ்சு உசரம் இருக்கும், அடியில வளைஞ்சிருக்கும். எருமைக்குழல்னுதான் ஊருல பேரு. மத்தவுக பாட்டு வாசிப்பாவ. இவரு பின்னால நின்னு 'பூம், பூம்'னு ஊதணும். அவ்வளவுதான் வேலை.

மனுசன் விடல. கடக்கரையில போயி ஊதுவாராம், ஊதுவாராம், ஊதிக்கிட்டே இருப்பாராம். முழுப் பாட்டும் அந்தக் குழல்ல வந்துட்டு. பேண்டு மாஸ்டர் பவுலந்தோணிகிட்ட போயி, "மாஸ்டர், திருநாளுக்கு ஒரு பாட்டு நான் தனியா வாசிக்கட்டுமா"ன்னு கேட்டாராம்.

"எருமை பாடி எங்கல கேட்டிருக்க? பின்னால போயி நில்லு."

திருநாளன்னைக்குப் பாத்தா, மாஸ்டருக்கு உதடு வீங்கிப் போச்சு. சப்பரம் தெருவுல நிக்கி, பாட்ட எடுத்துக் குடுக்க ஆளு இல்ல. சந்தியாகு முன்னால வந்து, மாதா பாட்ட அந்தப் பெரிய குழல்லயே வாசிச்சாராம். சனம் அசையாம நின்னுச்சாம். வயசான தாயி உள்ளேருந்து கூப்பிடுற மாதிரி இருந்துச்சுன்னு சொல்லுவாவ.

அதோட வந்துது வினை. கொல்லத்துல கூப்பிட்டாவ, கொழும்புல கூப்பிட்டாவ. அந்த ஒத்தக் குழல கேக்க ஆளு கூடுச்சாம். அதுக்குன்னே பாட்டு கட்டிக் குடுத்தாவளாம். சொந்த ஊருல மட்டும், "அவன் வாசிச்சா நாங்க வாசிக்க மாட்டோம்"னுட்டாரு மாஸ்டர். ஊரும் தலைய ஆட்டுச்சு. சந்தியாகு கொழும்புக்கே போயிட்டாரு.

ஒரு நா ஆத்தா செத்துட்டான்னு சேதி போச்சு. கொழும்புலேருந்து விழுந்தடிச்சு வந்தாரு. அடக்கத்துக்கு வாசிக்கச் சொல்லி பேண்டுக்கு ஆளு அனுப்புனாரு.

"தனியா வாசிக்கிறவனுக்கு நாங்க எதுக்கு"ன்னு மாஸ்டர் சொல்லி விட்டாராம்.

சந்தியாகு குழல எடுத்தாரு. பெட்டிக்கு முன்னால தானே ஊதிக்கிட்டு நடந்தாரு. கடைத்தெரு முக்குல பேண்டுக்காரவுக கையக் கட்டி நின்னாவ. அவுகளக் கண்டதும் அவருக்கு மூச்சு அடைச்சுட்டு. அழுதுக்கிட்டே ஊத முடியுமா? நின்னாரு. பெட்டி தூக்குனவுகளும் நின்னாவ. ஒருத்தனாவது கூட வந்து ஊதுவானான்னு மொகம் மொகமா பாத்தாரு. ஒருத்தனும் வரல. கண்ணத் தொடச்சுட்டு மறுபடி ஊதினாரு. மண்ணப் போட்டுட்டு அன்னைக்கே போனவருதான். திரும்பல.

அவரு கொழும்புல செத்த சேதி வந்தப்ப, அதே மாஸ்டர் கோயில் முன்னால நின்னு, "நான் வளத்த பிள்ள"ன்னு அழுதாராம்.

அன்னையிலேருந்துதான் இந்த வழக்கம். எந்தச் சாவு அந்த முக்குக்கு வந்தாலும் பேண்டு நின்னுரும். பெரிய குழல் மட்டும் தனியா வாசிக்கும். சந்தியாகு முக்குன்னு பேரும் வச்சாவ. அவர எங்க அடக்கம் பண்ணுனாவன்னு மட்டும், இந்த ஊருலேருந்து ஒருத்தரும் போயி கேக்கல.