ஹைப்போவா, ஹைப்பரா?

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் பிரவீனா அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே, மடியில் பிள்ளையும் கையில் கிளினிக் கொப்பியுமாக வந்திருக்கும் தாய்மார்களே, பலாபத்வலையின் பண்புமிக்க மக்களே, உங்கள் எல்லோர்மீதும் இறைவனின் அமைதி நிலவட்டும்.

நான் மிளகு வியாபாரி முத்தலிப். மேடை அறியாத என்னை இரண்டு சொற்கள் மேடையேற்றிவிட்டன.

என் மனைவி அபீபாவுக்குச் சீனி வருத்தம். மூன்று மாதங்களுக்கு முன் இன்சுலின் ஊசி தொடங்கியபோது தாதி சொன்னார்: "ஹைப்போ வந்தா ஒடனே சீனி குடுங்க. ஹைப்பர் வந்தா குடுக்காதீங்க." தலையாட்டினேன். புரிந்ததா? இல்லை. கேட்டேனா? அதுவும் இல்லை. வெட்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வீடு திரும்பினேன். ஊசி போட்டுக்கொண்ட அபீபா சாப்பிட மறந்திருந்தார். உடலெங்கும் வியர்வை, கையெல்லாம் நடுக்கம். மகள் நிஷ்மியா பால் சேர்க்காமல் சீனி போட்ட பிளேன்டித் தேநீரோடு ஓடிவந்தாள். நான் தடுத்தேன்.

"வேணாம் மகள், இது ஹைப்பர்."

"இல்ல வாப்பா, ஹைப்போ."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

ஹைப்போ என்கிறேன், ஹைப்பர் என்கிறேன். எது கூடுதல், எது குறைவு? சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அந்நேரம் முப்பது ஆண்டு என்னோடு வாழ்ந்தவர் என் முகத்தைப் பார்த்து, "யாரு நீங்க?" என்றார். அப்போதும் கோப்பையை மறித்த கையை நான் எடுக்கவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் புஷ்பவதி வந்தார். தேயிலைத் தோட்ட மருந்தகத்தில் வேலை பார்த்தவர்; என்னை அண்ணனாக எண்ணி 'நானா' என்றுதான் அழைப்பார். "நானா, கைய எடுங்க. சொல்லப் பிரிச்சுப் பாருங்க. ஹைப்-போ: சீனி போச்சு. ஹைப்-பர்: சீனி பருத்துருச்சு. இவங்களுக்குப் போச்சு."

பிளேன்டியை மிடறு மிடறாகப் புகட்டினார். கால்மணி நேரம் கழித்து அபீபா கேட்டார்: "எதுக்கு எல்லாரும் என் வாயையே பாக்குறீங்க?" நான் குழந்தைபோல் அழுதேன். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பின்வரிசையில் ஒருவர் "திரும்பச் சொல்லுங்க" என்கிறார். சொல்கிறேன் ஐயா: போ, போச்சு. பர், பருத்தது. இன்றும் எனக்குக் குழப்பம் முழுதாகத் தீரவில்லை. போன வாரம் மருத்துவரிடம் ஐந்து முறை கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஆறாவது முறையும் கேட்டேன்.

கேளுங்கள் தாய்மார்களே. புரியாத சொல்லைப் பிரித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். புரியும்வரை கேளுங்கள். புரிந்ததைத் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பொறுமையோடு செவிமடுத்த அனைவருக்கும் என் நன்றியும் அன்பும். நலமோடு இருங்கள்.