தள்ளி வைத்த விளக்கு

காபி நல்லா இருக்கு டாக்டர். ஆஸ்பத்திரியில இப்படிக் கிடைக்கும்னு நான் நினைக்கலை. எங்க ஊர்ல பழுப்புத் தண்ணியைத்தான் காபின்னு ஊத்துவாங்க. என் தங்கச்சி எல்லினோரை இன்னைக்கு என்கூட வீட்டுக்கு அனுப்பலாமான்னு முடிவு பண்ணத்தானே கூப்பிட்டிருக்கீங்க? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. குறுக்கே பேசாம கேட்டா சீக்கிரம் முடிச்சுடுவேன்.

வடகோடியில இருக்கற எங்க ஊர் ஹம்மர்ஃபெஸ்ட்ல நவம்பர் கடைசியில சூரியன் போனா ஜனவரியிலதான் திரும்பி வரும். மத்தவங்க அதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. எல்லினோர் அப்படியில்லை. வெயில் குறைய ஆரம்பிச்சதுமே பேச்சு குறைஞ்சுடும். அப்புறம் சாப்பாடு குறையும். டிசம்பர்ல கட்டிலை விட்டே இறங்க மாட்டா. அப்பா அம்மா போனதுக்கப்புறம் அந்த வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். நான்தான் அவளுக்கு மீன் சூப்பு ஊட்டுவேன், தலை சீவி விடுவேன். கடைக்குப் போனா, "குட்ரூன் மாதிரி ஒரு அக்கா கிடைக்கணும்னா கொடுத்து வெச்சிருக்கணும்"னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அதைக் கேக்கப் பிடிக்கும். அதுல பொய் சொல்றதுக்கு என்ன இருக்கு?

கோடையில அவ வேற ஆள். படகு, பாட்டு, சிநேகிதங்க. நான் சமைச்சு வெச்சது அப்படியே ஆறிக் கிடக்கும். ஆனா இலையுதிர்காலம் வந்தா திரும்ப என்கிட்டதானே வரணும்? நான் பொறுமையா இருந்தேன்.

போன குளிர்காலத்துல எங்க ஊர் டாக்டர் அவளுக்கு வெயிலுக்குப் பதிலா, மருந்து மாதிரி, ஒரு வெள்ளை விளக்கைக் கொடுத்தார். எழுந்ததும் அரை மணி நேரம் அதுக்கு முன்னாடி உக்காரணும், கை நீட்டினா தொடற தூரத்துல இருக்கணும், தள்ளிப் போனா பலன் இல்லைன்னு விளக்கமா சொன்னார். அவ தலையாட்டிட்டு இருந்தா. கவனமா கேட்டது நான்தான்.

அந்த வருஷம் அவ படுக்கவே இல்லை டாக்டர். டிசம்பர்ல வாஃபிள் சுட்டா. தேவாலயப் பாட்டுக் குழுவுல சேர்ந்தா. விளக்குக்கு முன்னாடி உக்காந்துகிட்டு என்னையே கிண்டல் பண்ணுவா. "ஏன்க்கா மூஞ்சியை உம்முன்னு வெச்சிருக்கே? நீயும் வந்து உக்காரேன். விளக்கு ஒண்ணும் உன்னைக் கடிச்சுடாது."

அந்தப் பாட்டுக் குழுவுலதான் ஸ்டூர்லாவைப் பார்த்தா. மீன் தொழிற்சாலையில குளிர்சாதனம் பார்க்கறதுக்காகத் தெற்கே பெர்கன்லேர்ந்து வந்தவன். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். எங்க வீட்டு மேஜையில உக்காந்து, வாஃபிள் மேல பழுப்புப் பாலாடைக்கட்டியை அடுக்கிகிட்டே, "அக்கா, உங்க தங்கச்சியைப் பெர்கனுக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன். அங்கே குளிர்காலத்துலயும் சூரியன் உண்டு. என்ன, மழை விட்டாத்தான் கண்ணுல படும்"னான். எல்லினோர் விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் சிரிச்சேன். இன்னும் ஒரு குளிர்காலம் இங்கே, வேலை முடிஞ்சதும் வசந்தத்துல கிளம்பறதுன்னு பேசி முடிச்சுட்டாங்க. என்கிட்ட கேக்கலை, சொன்னாங்க.

அடுத்த அக்டோபர்ல விளக்கைத் திரும்ப எடுத்து வெச்சோம். நான் அதை உடைக்கலை. ஒயரைப் பிடுங்கலை. காபிக் கோப்பைக்கு இடம் வேணும்னு லேசா ஒரு சாண் தள்ளி வெச்சேன். அப்புறம் ரொட்டிப் பலகைக்கு. அப்புறம் கிறிஸ்துமஸ் மெழுகுவத்திகளுக்கு. கடைசியில விளக்கு ஜன்னல் ஓரத்துல போய் நின்னுது. அறை பூரா வெளிச்சம், பார்க்க ஒரு குறையும் தெரியாது. ஆனா அந்தத் தூரத்துல அது வெறும் விளக்கு. மருந்து இல்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கு ஞாபகம் இல்லை.

காலையில எழுப்பறதையும் விட்டுட்டேன். அசந்து தூங்கறாளே, தூங்கட்டும்னு விட்டேன். அதை யாராவது தப்புன்னு சொல்வாங்களா? "காலையில விட்டதைச் சாயங்காலம் உக்காந்துக்கலாம்டி"ன்னேன். சாயங்காலம் உக்காந்தா தூக்கம் கெடும். அதையும் அந்த டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் அவ கேட்டா. "அக்கா, இந்த விளக்கு எரியுதா, இல்லை எரியற மாதிரி நடிக்குதா?"

"நல்லாத்தானேடி எரியுது. எனக்குக் கண்ணே கூசுது."

"அப்போ நான்தான் கெட்டுப்போயிட்டேன் போல."

நான் சீப்பை எடுத்துட்டு வந்து தலை சீவி விட்டேன். "எல்லாருக்கும் எல்லாமும் ஒத்துக்குமா? விடு. அக்கா இருக்கேன்ல?"ன்னேன். அவ என் மடியில தலை வெச்சுப் படுத்துகிட்டா. அப்போ நான் சந்தோஷமா இருந்தேன் டாக்டர். இப்போ அதைச் சொல்லக் கூசுது.

ஸ்டூர்லா வருவான். அவ தூங்கறான்னு சொல்லி அனுப்புவேன். ஒரு தடவை அவன் நகரவே இல்லை. "ஒரே ஒரு நிமிஷம்க்கா. பேசக்கூட வேண்டாம், பார்த்துட்டுப் போயிடறேன்." நான் சொன்னேன்: "தம்பி, உன்னைப் பார்க்கவே பிடிக்கலைங்கறா. நான் என்ன பண்ண?" அவ அப்படிச் சொல்லவே இல்லை. தினமும் அவன் வந்தானான்னுதான் கேட்டுகிட்டிருந்தா. அவன் பனியில தொப்பியைக் கையில பிடிச்சுகிட்டு நின்னான். எனக்குப் பாவமாத்தான் இருந்தது. நாலு வாஃபிளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

ஜனவரியில சூரியன் திரும்புற நாள் வந்தது. ஊரே மேட்டுல கூடி நின்னுது. நான்தான் எல்லினோருக்குக் கோட்டுப் போட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். மலைக்கு மேல விளிம்பு தெரிஞ்சதும் குழந்தைங்க ஓன்னு கத்துச்சுங்க. அவளும் பார்த்தா. "ஒண்ணுமே தோணலைக்கா. விளக்கும் கைவிட்டுடுச்சு, இப்போ சூரியனும். இனிமே எதுக்குக் காத்துகிட்டிருக்கணும்?"னா. நான், "இரு, ஜாம் ரொட்டி வாங்கிட்டு வரேன், சூடா சாப்பிட்டா சரியாயிடும்"னு போனேன். அந்த நாள்ல எல்லாரும் சாப்பிடறதுதான். திரும்பி வந்தா அவ இல்லை. துறைமுகத்துலேர்ந்து தண்ணியில குதிச்சவளைப் படகுக்காரங்க இழுத்துப் போட்டாங்க. மீதி உங்களுக்குத் தெரியும்.

இங்கே வந்ததும் காலையில எழுப்பி, விளக்கைக் கைக்கெட்டற தூரத்துல வெச்சீங்க. ரெண்டாவது வாரம் அவளே சீப்பு கேட்டு வாங்கித் தலை சீவிகிட்டா. நேத்து நர்ஸ் என்கிட்ட, "வீட்ல பலிக்காத விளக்கு இங்கே எப்படிப் பலிக்குதுன்னே தெரியலை"ன்னாங்க. எல்லினோர் சிரிச்சா. நான் எழுந்து வெளியில பெஞ்சுல போய் உக்காந்துட்டேன்.

இருட்டு அவளை எத்தனையோ வருஷம் படுக்கப் போட்டிருக்கு, ஒரு தடவைகூடத் தண்ணிக்கு அனுப்பலை. வெளிச்சமே தனக்கு இல்லைன்னு அவளை நம்ப வெச்சது நான். அனுப்பினது நான்தான். போலீஸுக்குச் சொல்லணும்னா சொல்லுங்க, இதே மாதிரி அவங்ககிட்டயும் சொல்றேன். அவ பெர்கனுக்குப் போயிட்டா நான் யாருக்கு சூப்பு வைக்கறது? அதுக்கு மேல எனக்குக் காரணம் எதுவும் தெரியலை.

அதனால அவளை என்கூட அனுப்பாதீங்க டாக்டர். ஸ்டூர்லாவைக் கூப்பிடுங்க. நான் அவன்கிட்ட சொன்னது பொய்னு சொல்லுங்க, வந்துடுவான்.

ஒருவேளை அவனால வர முடியலைன்னா, நான் வெளியில பெஞ்சுலதான் இருப்பேன், ஒரு குரல் கொடுங்க. அவ அறையைத் துடைச்சுத் தயாரா வெச்சிருக்கேன். ஜன்னலுக்குப் புதுத் திரையும் தைச்சு மாட்டியாச்சு. நல்ல கெட்டித் துணி, பொட்டு வெளிச்சம் உள்ளே வராது. பாவம், அவ நிம்மதியா தூங்கட்டும்.