பஞ்சு வைக்காத இடம்

ஐஸ் வைப்பதைக்கூடப் பலர் தப்பாகத்தான் செய்கிறார்கள். கட்டியை அப்படியே எடுத்துத் தோல்மேல் அழுத்திவிடுகிறார்கள், தோல் புண்ணாகிவிடுகிறது. ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும், கால் மணி நேரம் போதும். அப்புறம் விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கட்டு, காலுக்கடியில் இரண்டு தலையணை. முதல் மூன்று நாள் எண்ணெய், தேய்ப்பு, வெந்நீர் ஒத்தடம் எதுவும் ஆகாது. இருபத்திரண்டு வருடமாக எலும்பு வார்டில் இதைத்தான் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்டது இதை இல்லை, தெரியும். ஆனாலும் என் தங்கைக்கு முதல் மூன்று வாரம் நான் செய்த பணிவிடையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம்.

அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவேன். வாலிபால் ஆடும்போது எகிறிக் குதித்தவள் இன்னொருத்தியின் பாதத்தின்மேல் இறங்கிவிட்டாள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் பாதி கிழிந்திருந்தது. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்களுக்கு நான் சொல்லணுமா சிஸ்டர், வீட்லயே பாத்துக்கோங்க" என்று அனுப்பிவைத்தார்.

பார்த்துக்கொண்டேன். காலையில் டியூட்டிக்குக் கிளம்புமுன் விரல்களைத் தொட்டுச் சூடு பார்ப்பேன், நகத்தை அழுத்திவிட்டு ரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்பேன். திரும்பி வந்ததும் மறுபடி. நான்காம் நாளிலிருந்து பாதத்தை மேலும் கீழுமாக மெல்ல அசைக்க வைத்தேன். இரண்டாவது வாரம் ஊன்றுகோல். மூன்றாவது வாரக் கடைசியில் சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக அவள் கையை வீசி நடந்தாள்.

"பாத்தியாக்கா? ஒரு வாரத்துல ஓடிடுவேன்" என்றாள்.

அவள் சொன்னது வெறும் ஓட்டத்தை இல்லை. பத்து மணி நேர ரயில் பயணத் தூரத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. தங்குமிடமும் அவர்களே தருகிறார்கள். வகுப்புகள் தொடங்கும்வரை காத்திருப்பதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். இடம் போதவில்லை என்று என் பெட்டியையும் கேட்டாள். கொடுத்தேன்.

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது மாடி, இரண்டு அறை, லிப்ட் கிடையாது. அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்து நான்கு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தங்கச்சியை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார்கள். அவர்களுக்கு நான் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். குறையாகச் சொல்லவில்லை. நானாகத்தான் முடிவு செய்தேன். வார்டில் பகல் முழுக்கக் காலில் எடை கட்டித் தொங்கவிட்ட நோயாளிகள் நடுவில் நிற்பேன்; சாயங்காலம் இந்த இரண்டு அறைக்கு வருவேன். வேறு இடம் எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டிகள் இரண்டும் வாசலை ஒட்டி நின்றபோது, இந்தக் கதவை இனி நான் ஒருத்திதான் திறந்து மூட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அழக்கூட இல்லை.

மறுநாள் வார்டிலிருந்து நான்கு ரோல் மாவுக்கட்டு எடுத்து வந்தேன். அவளை உட்காரவைத்துக் கணுக்காலைப் பிடித்துப் பார்த்தேன்.

"இன்னும் லூசா ஆடுது குட்டி. இப்படியே போனா காலம் பூரா மடங்கிக்கிட்டே இருக்கும். கட்டு போட்டுடலாம்."

"டாக்டர்ட்ட காட்ட வேணாமா?"

"கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

அவள் காலை நீட்டினாள். நான் நனைத்து நனைத்துச் சுற்றினேன். "கொத்தனார் வேலைக்குப் போயிருந்தா இந்நேரம் சொந்த வீடே கட்டிருப்பேக்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஈர மாவு காயும்போது சூடேறும். பயப்படாதே என்று தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மாவுக்கட்டுப் போட்டால் உள்ளே பஞ்சு சுற்ற வேண்டும். முக்கியமாக ஓர் இடத்தில். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், ஓர் எலும்பு குமிழ் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். தொட்டுப் பாருங்கள், உங்களுக்கும் இருக்கும். அதை ஒட்டி ஒரு நரம்பு தோலுக்கு நேர் அடியில் ஓடுகிறது. பாதத்தைத் தூக்குவது அந்த நரம்புதான். கட்டு அதற்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் கெட்டியாகப் பஞ்சு வைக்க வேண்டும். நான் கட்டை அந்தக் குமிழின்மேல் ஏற்றிச் சுற்றினேன்.

ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பரணில் வைத்தேன். விடுதிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தபோது, டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை என்று நானே பதில் எழுதினேன். ஐந்தாவது நாள் அவள் சொன்னாள், "அக்கா, காலு மரத்துப்போன மாதிரி இருக்கு. பாதம் என்னுதே இல்லாத மாதிரி."

"கட்டு போட்டா அப்படித்தான் இருக்கும்."

மரத்துப்போச்சு என்ற ஒரு வார்த்தையை நோயாளி சொன்னால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கட்டை வெட்ட வேண்டும் என்று பயிற்சி நர்ஸ்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். அன்று அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். ஏழு வாரம் இப்படிப் போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான ஏழு வாரம் இருந்ததில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வரும் நேரம் அவளுக்குத் தெரியும். படியேறும்போதே "அக்கா" என்று குரல் வரும்.

கட்டை நான்தான் வெட்டினேன். கால் குச்சியாகிவிட்டிருந்தது. தூக்கச் சொன்னேன். பாதம் ஈரத்துணி போலத் தொங்கியது. அவள் அழுதாள். "அக்கா இருக்கேன்ல" என்று மடியில் சாய்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நான் டியூட்டியில் இருக்கும்போது, மூன்று மாடியையும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, டாக்ஸி பிடித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பிசியோதெரபிஸ்ட் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க இந்தக் கட்டு போட்டது?" என்று கேட்டார்.

"எங்க அக்காதான்" என்றாள். குரலில் பெருமை. "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நல்ல மனிதர், என்னைவிட வயதில் சின்னவர். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். "அவசரத்துல அந்த எலும்பு மேல பஞ்சு வைக்க மறந்துட்டீங்க போல, சிஸ்டர்" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் ஒரு மெமோவோடு போயிருக்கும். இத்தனை வருடத்தில் நான் மறந்து வைத்த கத்தரிக்கோல் ஒன்று உண்டா என்று வார்டில் யாரையும் கேளுங்கள். முதல் வருட மாணவி செய்கிற தப்பை என் தலையில் கட்ட நான் விடவில்லை.

"மறக்கலை சார். வேணாம்னு விட்டேன்" என்றேன்.

குட்டி என்னையே பார்த்தாள். காலை இரண்டு கையாலும் பிடித்து, என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

நேற்று அவள் ரயிலேறிவிட்டதாகச் சொன்னீர்கள். பாதம் தொங்காமலிருக்க ஷூவுக்குள் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு, யாரும் கைகொடுக்க வேண்டாம் என்று நடந்து போனாளாம். எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை என்றீர்கள். கோபம்தான், வேறென்ன. அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை படிக்கட்டு என்று யாராவது விசாரித்தீர்களா? அவளுக்குத் தலை வாரிவிட அங்கே யார் இருக்கிறார்கள்? ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். வந்துவிடுவாள். தனியாக இருக்கத் தெரியாது அவளுக்கு. வீட்டுச் சாவியை யாரிடமாவது கொடுத்து வையுங்கள், மேடம். பூட்டிய கதவுக்கு முன்னால் என் தங்கை நிற்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.