ஒதுங்க இடமில்லாத உப்பளம்

சித்திரை வெயிலில் செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள்.

“செத்துப்போன என் தங்கச்சிக்குத் தண்ணி குடிக்காதேன்னு நான்தான்க்கா சொல்லிக் குடுத்தேன்” என்றாள் இளையவள்.

“இன்னாத்துக்குடி அப்படிச் சொன்னே?”

“உப்பளத்துல ஒதுங்க ஒரு பொதரு இருக்குதா? சுத்தி ஆம்பளைங்க. குடிச்சா, பொழுது சாயற வரைக்கும் அடக்கிகினு கெடக்கணும். அவளுக்கு நீர்க்கடுப்பு வந்துச்சு. சூடுன்னு வெந்தயம் குடுத்தேன். அப்புறம் குளிர்ஜுரம். தண்ணி குடிக்காம அடக்குனதாலதான் வந்துச்சு, லேட்டா இட்டாந்துட்டேன்னாரு டாக்டரு.”

மூத்தவள் சொன்னாள்: “நாளைலேர்ந்து பொம்பளைங்க நாலு பேரு பொடவைய சுத்திப் புடிச்சிகினு நிப்போம். ஒருத்தி உள்ள ஒக்காரட்டும்.”

“இது அன்னிக்கே தோணலியேக்கா” என்று இளையவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.