புறங்காட்டிப் புகழ் கொண்ட மாஸ்டர் அவர்களுக்கு

அன்னவாசல் புனித செசிலியம்மாள் பள்ளியின் இசைக்குழுவை வழிநடத்திப் பணி நிறைவு பெறும் திருவாளர் ஆரோக்கியமுத்து மாஸ்டர் அவர்களுக்கு, அவர்தம் கோலசைவில் வளர்ந்த குழுவினர் 1966ஆம் ஆண்டு அன்புடன் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

வில்லேந்தி வந்து கோலேந்தி உயர்ந்த வித்தகரே! நரம்புக்கு நாவளித்த நல்லவரே! சினந்தாலும் சுருதி பிசகாத செம்மலே!

தங்கள் திருமுகத்தை இவ்வூரார் அதிகம் அறியார். இத்தனை ஆண்டுகளாக மேடையில் அவர்கள் கண்டதெல்லாம் தங்கள் முதுகுதான். முகத்தைக் கண்டவர்கள் நாங்கள். அந்த முகம் எங்கள் பக்கம் திரும்பிய கதையை இன்று அவையோர்க்குச் சொல்ல விழைகிறோம். சொல்லி முடிக்கும்வரை தங்களை 'அவர்' என்று சற்றே தள்ளி நிறுத்திப் பேசுவதைப் பொறுத்தருள வேண்டும்.

ஆவூரிலே பிறந்த மாஸ்டர், இளமையிலேயே புதுக்கோட்டை அரண்மனை வாத்திய கோஷ்டியில் சேர்ந்தார். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய பிடில் அவருடையது, செல்லோ என்பார்கள். அங்கே வாசிப்பதைக் காட்டிலும் கடினமானது, வாசித்து முடித்து வெளியேறுவது. பெரியவர்களுக்கு முதுகு காட்டலாகாது. மார்பளவு உயர்ந்த பிடிலை அணைத்துக்கொண்டு, மண்டபத்தின் முழு நீளமும் பின்புறமாகவே நடந்து, வாசல் நிலையில் இடிக்காமல் வெளிவர வேண்டும். மாஸ்டர் ஒருநாளும் இடித்ததில்லை. கைத்திறத்துக்கு ஈடாக அந்தக் கால்திறத்திலும் அவருக்குப் பெருமை உண்டு.

1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, கோஷ்டி கலைந்தது. அரண்மனைக் கோட்டும் பெரிய பிடிலுமாக மாஸ்டர் எங்கள் பள்ளிக்கு வந்தார். அப்போது எங்கள் குழுவை நடத்திய பிரெஞ்சுச் சாமியார் ஐந்தாண்டுகளுக்குப் பின் மாற்றலாகிப் போனபோது, குழுவுக்குத் தாளம் காட்டும் தம் கோலை மாஸ்டரின் கையில் வைத்துவிட்டுப் போனார். குழு நடத்துபவருக்கு இங்கிலீஷில் கண்டக்டர் என்று பெயர். மாஸ்டர் கண்டக்டர் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டு, டீக்கடை மூக்கன், "எந்த ரூட்டுங்க? இலுப்பூர் வழியாப் போகுமா?" என்று விசாரித்தார்.

போன ரூட்டு அவ்வளவு நன்றாயில்லை. அந்த வருடப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு, ஆயர் இருக்கும் மேற்றிராசனத்திலிருந்து ஒரு பெரிய சாமியார் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். மாஸ்டர் மேடையேறி அவரை வணங்கினார். வணங்கியவர் திரும்பவில்லை. அவரைப் பார்த்தபடியே நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோலை அசைத்தார். கோல் அவர் மார்புக்கு முன்னே ஆடியது. எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது கோட்டின் முதுகுத் தையல் விட்டிருந்தது மட்டுமே. சின்னப் பிடில்கள் முந்தி முடித்தன. அரிமளம் ரெங்கராஜின் ஆளுயரப் பிடில், பந்தி முடிந்தபின் வந்த சம்பந்தியைப் போல, கடைசியாகத் தனியே வந்து சேர்ந்தது.

பள்ளித் தாளாளர் சாமியார் மாஸ்டரை அழைத்தார். "செசிலியம்மாள் திருநாளைக்கும் இப்படித்தான்னா, இதைக் கலைச்சிட்டு வெளியூர் பேண்டு செட்டைக் கூப்பிட்டுக்கலாம் மாஸ்டர்" என்றார். ஒரு கோஷ்டி கலைந்ததை ஏற்கெனவே கண்ணால் கண்டவர் மாஸ்டர். இரண்டாவதும் தம் கையாலேயே கலைவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஒத்திகையில் ரெங்கராஜ் துணிந்து சொன்னார்: "கோச்சுக்காதீங்க மாஸ்டர். நீங்க அங்கிட்டுப் பாத்துக் கோலை ஆட்டினா இங்கிட்டு எங்களுக்கு என்ன தெரியும்? கோட்டுக் கிழிசல்தான் தெரிஞ்சிச்சு."

"பெரியவுகளுக்கு முதுகைக் காட்டச் சொல்றியா?"

"வண்டிக்காரன் மாட்டைப் பாக்காம, ஏறி வந்தவுகளையே பாத்துக்கிட்டிருந்தா வண்டி கம்மாய்க்குள்ளதாங்க போகும்."

மாஸ்டர் கோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். திருநாளன்று காலை, அவர் துணைவியார் ஜெபமாலையம்மாள் கோட்டின் விட்ட தையலைத் தைத்து, முன்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கத்தை அழுத்தி அழுத்தி இஸ்திரி போட்டிருக்கிறார்.

"என்ன, மாத்திப் போடுற?"

"இனிமே முதுகுதாங்க ஒங்க மூஞ்சி."

வீட்டுக்குள் நடந்தது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். அம்மையாரே சொல்லிச் சிரித்தது.

அன்றும் அதே பெரிய சாமியார் வந்திருந்தார். மாஸ்டர் நேரே அவர் முன் சென்று கைகூப்பினார். "சாமி, இந்தக் குழு பிழைக்கணும்னா நான் ஒங்களுக்கு முதுகு காட்டித்தான் ஆகணும். மன்னிக்கணும்."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். "காலையில பூசையில பீடத்தைப் பாத்து நின்னு, நான் ஒங்க எல்லாருக்கும் முதுகைத்தானே காட்டினேன்? யாராச்சும் கோச்சுக்கிட்டீங்களா? போங்க மாஸ்டர், அங்கிட்டுத் திரும்புங்க."

அப்போதும் பழக்கம் விடவில்லை. பின்புறமாகவே நடந்து மேடையேறினார், படியில் இடிக்காமல். பிறகு திரும்பினார். அன்றுதான் அந்த முகத்தை நாங்கள் முழுதாகக் கண்டோம். சின்னப் பிடில்களுக்குப் புருவம், பெரிய பிடில்களுக்கு உதடு, எல்லோருக்கும் சேர்த்து ஒரு மூச்சு. ஒன்றாகத் தொடங்கினோம், ஒன்றாகவே முடித்தோம். வெளியூர் பேண்டு செட்டு இன்றுவரை இந்த வாசலை மிதிக்கவில்லை.

அதன்பின் ஈஸ்டர் என்ன, கிறிஸ்துமஸ் என்ன, புதுக்கோட்டை விழாக்கள் என்ன, எங்கும் அந்த முதுகு எங்களைக் காத்து நின்றது. எங்களில் ஒருவர் வாசிப்பில் தவறினால் மாஸ்டர் அவரைப் பார்க்கவே மாட்டார். காரணம் கேட்டபோது, "நான் பாத்தா ஊருக்கே தெரிஞ்சிடும்ல" என்றார். புறங்காட்டுதல் இழுக்கென்று தமிழ் சொல்லும். புறங்காட்டி நின்று எங்கள் மானம் காத்த மாஸ்டருக்கு அது பொருந்தாது.

அண்மையில் கோயில்களில் வழக்கம் மாறி, பூசையில் சாமியார்களும் சனங்களைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். ரெங்கராஜ் விடவில்லை: "சாமியே திரும்பிட்டாக. நீங்க எப்ப மாஸ்டர்?"

"நான் திரும்பினா நீங்க வேற ஆளைத்தான் பாக்கணும்."

எங்கள் மாஸ்டரே! அந்த நாள் வந்துவிட்டது. இனித் தங்களையே பார்த்துப் பேசுகிறோம்.

கோலைத் தாங்கள் ஒப்படைத்திருப்பது, தங்களிடம் முதற்பிடில் வாசித்து வந்த தையல் ஆசிரியை மரிய செல்வியிடம். ஒரு வாரமாக அவர் பிடிவாதம் பிடித்தார். "மாஸ்டரு முன்வரிசையில ஒக்காந்திருக்கப்ப அவுகளுக்கு முதுகைக் காட்டச் சொல்றீங்களா? என்னால ஆகாதுங்க" என்றார். நேற்றைய ஒத்திகையில் அது தங்கள் காதுக்கு எட்டியது. தாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "சேலைக்குப் பின்பக்கம் இஸ்திரி போட்டியா, தாயி?"

நரம்பு தளராமல், நடை தளராமல், ஜெபமாலையம்மாளோடும் மக்களோடும் தாங்கள் நெடுநாள் நிறைந்து வாழ இறைவனை வேண்டுகிறோம். எங்கள் இசை, எதிரே அமர்ந்து கேட்பவர்களுக்கு எப்படி ஒலிக்கும் என்பதை ஒருநாளும் கேட்டறியாதவர், எங்களைத் தவிர, இவ்வூரில் தாங்கள் ஒருவர்தாம். இன்று கேளுங்கள்.

மரிய செல்வி கோலோடு மேடையில் தங்களைப் பார்த்தபடியே நிற்கிறார். பின்பக்கம் இஸ்திரி போட்டாயிற்று. தலையசையுங்கள், மாஸ்டர், அவர் எங்கள் பக்கம் திரும்பட்டும்.

தங்கள் முகம் பார்த்து வாசித்த,
புனித செசிலியம்மாள் பள்ளி இசைக்குழுவினர்,
அன்னவாசல்.